1980ஆம் வருஷத்து ஃபைல்கள்

“1980ல எங்காத்துல ஏது ஓய் கம்ப்யூட்டர்?”

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் பேருந்தில், டிபன் பையை மடியில் வைத்திருந்த ஒருவர் தன் அலுவலக நண்பரிடம் இப்படிக் கேட்டார். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“செஸ் விளையாட்டு போடலாம்னு பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்ல இடமில்லைன்னுடுத்து. 1980னு தேதி போட்டு ஏகப்பட்ட ஃபைல் இருந்தது. கம்ப்யூட்டர் வித்த கடைக்காரன் விட்டுட்டுப்போன குப்பைன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன்.”

“குப்பை இல்லையா?” என்றார் நண்பர்.

“உள்ளே இருக்கற பேட்டரி செத்துப்போயிருக்கு. அதனால புது ஃபைலுக்கும் 1980னே தேதி தப்பா விழுந்திருக்கு. அத்தனையும் எம்பொண்ணு நாலு மாசமா அடிச்ச காலேஜ் ப்ராஜெக்ட்.”

“ஐயையோ! ஒரு செஸ்ஸுக்காகவா ஓய்? அவகிட்ட சொன்னீரா?”

“எந்த மூஞ்சிய வெச்சுண்டு சொல்றது? தான்தான் சரியா சேவ் பண்ணலைன்னு நெனச்சுண்டு, முந்தாநாள்லேர்ந்து மறுபடியும் மொதல்லேர்ந்து அடிச்சுண்டிருக்கா.”

“நீர் என்ன பண்றீர்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பக்கத்துல உக்காந்துண்டு, அவ நோட்டைப் பார்த்து வரிவரியா படிச்சுச் சொல்றேன். ‘என்னால உனக்கு எவ்வளவு சிரமம்ப்பா’ங்கறா.”