ஒரு மூடி டானிக்

நீல டிரம்மில் படிந்த மஞ்சள் கறை சோப்புக்கு அசையாது. மணலைப் போட்டுத் தேய்க்க வேண்டும். மூன்றாவது தடவை தேய்க்கிறேன், அடியில் ஒரு வளையம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. காலையில் சுகாதாரத் துறை ஆட்கள் வருகிறார்கள், கோழி குடிக்கிற தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதிக்க. கொட்டகையில் விளக்குப் போடவில்லை. போட்டால் விடிந்துவிட்டதென்று கோழிகள் கத்தும், அப்பா எழுந்துவிடுவார். செல்போன் வெளிச்சம் போதும்.

எங்களுடையது முட்டைக் கோழிப் பண்ணை. எண்ணூறு கோழி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து தண்ணீர் கலக்குவது என் வேலை. ஒரு டிரம்முக்கு ஒரு மூடி மஞ்சள் நிறப் பொடி. டப்பாவில் அதற்கு வாயில் நுழையாத பெயர். எங்கள் வீட்டில் அது டானிக். அப்பா வைத்த பெயர்.

"மருந்துன்னா முட்டை வாங்க வர்றவன் மூஞ்சி சுருங்கும். டானிக்னு சொல்லிப் பாரு, எனக்கும் ஒரு ஸ்பூன் குடுங்கம்பான்" என்பார்.

ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டால் எண்ணூறுக்கும் டானிக். எதுவும் தொங்கப்போடாவிட்டாலும் டானிக், தொங்கப்போடாமல் இருப்பதற்காக. கொடுக்கிற நாட்களில் முட்டையை விற்கக் கூடாது என்று டப்பாவில் சிவப்பு எழுத்தில் இருக்கும். படித்திருக்கிறேன். நாங்கள் தினமும் கொடுக்கிறோம். பிறகு எந்த நாளில்தான் விற்பது?

லீவுக்கு அக்கா வந்தாள், மகன் சுண்டுவோடு. நாலு வயது. "சித்தி, மஞ்சக்கரு ஒழுகணும்" என்பான். ஒழுகுகிற மாதிரியே அரைவேக்காடாக அவித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். அக்கா துணி அலசப் போன நேரத்தில், சர்க்கரைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை டானிக் கரைத்து ஊட்டினேன். கோழிக்கு நிற்கிறதே, பிள்ளைக்கு நிற்காதா? மறுநாளும் கொடுத்தேன். நின்றது. எழுந்து ஓடினான்.

"உன் கையில என்னமோ ராசி இருக்குடி" என்றாள் அக்கா. நான் மறுக்கவில்லை. அவனுக்கு நின்றுவிட்டதால் நானும் நிறுத்திவிட்டேன்.

நான்கு நாள் கழித்துக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் திரும்பி வந்தன, இந்த முறை ரத்தத்தோடு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். "வீட்டுல மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" அக்கா இல்லை என்றாள். அப்பா இல்லை என்றார். "மருந்து எதுவும் குடுக்கல மேடம்" என்றேன் நான். அது பொய் இல்லை. எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மருந்து வேறு, டானிக் வேறு.

"ரெண்டு மருந்து மாத்தியாச்சு, அசையல" என்றார் அவர். "இந்தக் கிருமி இதையெல்லாம் ஏற்கெனவே பாத்துப் பழகின மாதிரி இருக்கு. உங்க பண்ணைத் தண்ணியப் பாக்கச் சொல்லி சுகாதாரத் துறைக்கு எழுதியிருக்கேன். பிள்ளையோட சோதனை முடிவு வர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் வைத்தியம். பிள்ளை உடம்புல ரெண்டு நாளுக்குத் தெம்பு இல்ல."

சொல்லலாம். சொன்னால் பண்ணைக்குப் பூட்டு, அப்பாவுக்கு விசாரணை. அதையாவது தாங்கிக்கொள்வேன். ராசியான கை என்று சொன்ன அக்கா அதே கையைப் பார்ப்பாளே.

அரைமணி நேரத்துக்கு முன் அவள் போன் செய்தாள்.

"தூங்கிட்டியாடி?"

"இல்லக்கா."

"டாக்டரம்மா மறுபடியும் கேக்குறாங்க. கசாயம், சூரணம், எதுவா இருந்தாலும் பரவால்லையாம். பேரு தெரிஞ்சா அத விட்டுட்டு வேற போடலாமாம். நீ எதுவும் குடுக்கலையே?"

"மருந்து எதுவும் குடுக்கலக்கா."

"அதானே. நீயா குடுப்ப?"

போனை வைத்துவிட்டு டப்பாவின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தேன். வாயில் நுழையாத அந்தப் பெயர் இப்போது என் உள்ளங்கையில் ஒட்டியிருக்கிறது. ஒரு எழுத்துகூட அழியவில்லை. அக்காவின் நம்பர் செல்போன் திரையில் மேலேயே நிற்கிறது. நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை. கோழி நன்றாக இருக்கட்டும் என்று கொடுத்தேன், பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று கொடுத்தேன். கொடுத்தது வெறும் டானிக்.

வெறும் டானிக் என்றால், இந்த டிரம்மை நான் எதற்காகக் கழுவிக்கொண்டிருக்கிறேன்?