கழுவாத பசை

கடற்பாசிப் பசை கையில் ஒட்டினால் சோப்பு வேண்டாம், வெந்நீர் போதும். அவ்வளவு சாதுவான பொருள்.

அதோடு கிருமி கொல்லும் மருந்தை வேதிமுறையில் பிணைத்தவள் நான். புண்ணுக்குக் கட்டும் துணியில் பூசுவதற்காக. பிணைந்த மருந்து பசையை விட்டு நகராது. தன்னைத் தொடும் கிருமியை மட்டும் கொல்லும். பிணையாமல் மிஞ்சுவது அப்படியல்ல. அது சதையையும் தின்னும். அதனால் பசையைச் சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். மிச்சம் முழுவதும் கசிந்து போகும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சலிப்பான வேலை. நான் சலித்துக்கொண்டதில்லை.

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தின் தலைவன் என் கணவரின் தம்பி. நாங்கள் படிக்கவைத்த பிள்ளை. பசையைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டான். அதைக்கூடப் பொறுத்தேன்.

பசையை வாங்க வந்தவர்கள் முன்னால், நடுவில் பசைப் பொட்டு வைத்துக் கிருமி வளர்த்த தட்டைத் திறந்தான்.

"என்ன அண்ணி, சுத்தி ஒண்ணுகூட சாகலையே?"

"மருந்து வெளிய கசிஞ்சாதான் சுத்தி கிருமி செத்து வட்டம் விழும். விழவே கூடாது."

"அண்ணி சமையலும் இப்படித்தான் சார். உப்பும் இருக்காது, காரமும் இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் சொன்னபோது என் கணவரும் சிரித்தார்.

"எனக்குப் பெரிய வட்டமா வேணும்" என்றான் மறுநாள். கொடுத்தேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். தட்டில் அகலமாக வட்டம் விழுந்தது.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல அண்ணி?"

எப்படி வந்தது என்று கேட்கவில்லை. சதைக்கு ஆகுமா என்ற சோதனை பழைய பசையிலேயே தேறிவிட்டது, திரும்பச் செய்ய வேண்டாம் என்று அவனே கையெழுத்துப் போட்டான்.

மருத்துவமனையில் முதலில் கட்டியது ஒரு பேருந்து ஓட்டுநருக்கு. இன்ஜின் வெந்நீர் கொட்டிக் கால் வெந்திருந்தது. புண் கறுத்தது. பிறகு முழங்காலோடு எடுத்தார்கள். கறுக்கத் தொடங்கியபோதே நான் சொல்லியிருக்கலாம். ஒருவருக்கு என்றால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவான். அதனால் காத்திருந்தேன். அடுத்து ஒரு தையல்காரம்மா. அதற்கும் ஏதோ சமாதானம் சொன்னான். பிறகு பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளை. பிள்ளைக்கு என்றதும்தான் போலீஸ்காரர்கள் நீங்கள் வந்தீர்கள். காத்திருந்தது சரியாகத்தான் போயிற்று.

அவனை அழைத்துப் போனீர்கள். அத்தோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் பசையைக் கழுவாமல் விட்டதும் அவன் யோசனைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நேரத்தில் நிறுத்தினால் எவ்வளவு மிச்சம் நிற்கும் என்று அவனுக்கு என்ன தெரியும்? அதையும் அவன் பெயரில் போட வேண்டாம். செய்தது நான்.

ஆத்திரத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு யார்மீதும் கோபமில்லை. அந்த ஓட்டுநருக்குக் கட்டு மாற்றும்போது பக்கத்தில்தான் நின்றேன்.

"எரியுதும்மா. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்தானே?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன். பாவம், வலி தாங்காத மனிதர். எரியாமல் இருக்கக் குனிந்து ஊதிவிட்டேன்.