மனுதாரர் தேவானை

இல்ல நைனா, நான் நின்னுக்கினே பேசுறேன். உக்காந்தா பொடவ கசங்கிடும், கசங்குனா வெளிய நிக்கிறவன் என்னியக் கொன்னுடுவான். வேட்பாளர்னா கஞ்சி போட்ட மாதிரி நிக்கணுமாம். என் புள்ளதான், விக்கி. உங்க பகுதி மாணவரணித் துணை அமைப்பாளர். உள்ள வேட்பாளர் மட்டும்தான்னு உங்க ஆளு வாசல்லயே நிறுத்திட்டான். அதுவும் நல்லதுதான். அவன் கூட வந்திருந்தா என் கொரலு எப்டி இருக்கும்னே உனுக்குத் தெரிஞ்சிருக்காது.

உன்னிய மாவட்டம்னு கூப்டச் சொல்லி அனுப்சான். மாவட்டச் செயலாளர அப்டித்தான் கூப்டணுமாம். எனுக்கு அது என்னமோ செங்கல்பட்டக் கூப்டுற மாதிரி கீது. நைனான்னே கூப்டுறேன், கோச்சிக்காத.

பேரா? பாரத்துல எயுதிக்கீது பாரு, தேவானை. வயசு நாப்பத்தொம்பது. வூட்டுக்காரு வடிவேலு, கடலுக்குப் போறாரு. எங்களுக்கு சிப்பிக்குப்பம், மயிலாப்பூரத் தாண்டி கடலாண்ட. இருவத்தஞ்சு வருசமா ரோட்டோரம் பலக போட்டு மீன் வித்தேன். படிப்பு அஞ்சாவது. கட்சில எத்தினி வருசமாவா? இதுக்கு ஒரு பதிலு சொல்லிக் குட்த்தான்... பரம்பரை பரம்பரையான்னு ஆரம்பிக்கும். மறந்துட்டேன், வுடு.

ஏன் கவுன்சிலர் சீட்டு கேக்குறேன்னா? அதுக்கும் மூணு வரி கீது. கடலோர மக்களின் கண்ணீரைத் துடைக்கன்னு வரும். எனுக்கு வாயில நொயய மாட்டேங்குது. அதுக்குப் பதிலா அவன் கதையச் சொல்லிடுறேன், இந்தக் கேள்விக்கும் அதுதான் பதிலு. வெளிய ஆளுங்க காத்துக்கினு கீறாங்களா? இருக்கட்டும் நைனா. அரசியலுக்கு வந்தவங்க, காத்துக்கினு நிக்கிறதுதான அவங்க தொயிலு.

விக்கிய கோபாலபுரத்துல ஒரு சின்ன இஸ்கூல்ல போட்டேன். ஏயாவது படிக்கசொல்ல பேச்சுப் போட்டில கப்பு வாங்கினு வந்தான். அன்னிலேர்ந்து வூட்ல பேச்சே கெடையாது, ஒரே சொற்பொயிவுதான். அம்மா, கொயம்பு ஊத்துன்னு கேக்க மாட்டான். இந்த வேளையிலே, வஞ்சிரத்தின் தலைப்பகுதி எங்கே போனது என்று கேட்க விரும்புகிறேன்னுவான். அவுங்கப்பாரு தட்டத் தூக்கிக்கினு வெளிய போய் உக்காந்து துன்னுவாரு.

அப்பால சட்டக் காலேஜு. அஞ்சு வருசப் படிப்பு. சேந்த வாரமே கறுப்பு கோட்டு தச்சிக்கினான். கோர்ட்டுக்குப் போறதுக்கு இல்ல, குப்பத்துல நடக்குறதுக்கு. சித்திர வெயிலு மண்டையப் பொளக்குது, ஜனங்க சட்ட இல்லாம கெடக்குது, இவன் கோட்டு மாட்டிக்கினு கொயாத் தண்ணி புடிக்க வரான். கதவுல போர்டு வேற. வி. விக்னேஷ், பி.ஏ., எல்.எல்.பி.ன்னு கொட்ட எயுத்துல. அதுக்குக் கீய பல்லி முட்ட சைசுல, முதலாம் ஆண்டு.

எங்க பக்கத்து வூடு ஜைதூன் பீ. மீன் கடையில என் பலகையாண்ட உக்காந்து மீனு சுத்தம் பண்ணிக் குடுக்கும். அதோட ஆடு ஒரு நாளு கொடில காஞ்ச இவன் கோட்டுக் கையத் துன்னுட்ச்சு. இவன் இன்னா பண்ணான்றே? நோட்டீசு அனுப்சான். எங்க வூட்லேர்ந்து அவங்க வூட்டுக்கு எட்டு அடி. தபால் ஆபீசுக்குப் போயி ரிஜிஸ்டர் பண்ணி அனுப்சான். பதினஞ்சு நாளைக்குள்ள பதில் தராவிட்டால்னு எயுதி. ஜைதூன் பீ அத்த என்னாண்டயே எடுத்தாந்து படிக்கச் சொல்லிச்சு. பக்ரீத் வந்துச்சு, அந்த ஆடு பிரியாணி ஆயி எங்க வூட்டுக்கே வந்துச்சு. எதிர்தரப்புன்னு கூடப் பாக்காம ரெண்டு தட்டு துன்னான்.

சிரி நைனா, சிரி. நானும் சிரிச்சேன். பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். எங்க ஜனத்துல எவன் கோட்டு போட்டான்?

செவுத்துல ஒரு காகிதம் ஒட்டிக்கினான். எந்த வருசம் கவுன்சிலரு, எந்த வருசம் எம்மெல்லே, எந்த வருசம் சட்ட மந்திரின்னு. நடுவுல ஒரு ரெண்டு வருசம் ஜட்ஜு. ஏண்டா ரெண்டே வருசம்னு கேட்டா, அனுபவத்துக்குன்றான்.

அதுக்காவ போராட்டத்துக்கெல்லாம் போனான். ஒரு தபா சாகும்வரை உண்ணாவிரதம். நான் கோயில் கோயிலா ஓடி வேண்டிக்கினு கீறேன், மத்தியானம் ரெண்டு மணிக்கு வூட்டு வாசல்ல வந்து நிக்கிறான், சோறு கீதான்னு. இன்னாடா ஆச்சு, கோரிக்க ஒத்துக்கினாங்களான்னா, போட்டோ எடுத்துட்டாங்கம்மான்றான்.

கட்சியும் ரெண்டு வருசத்துல மூணு. உங்க கட்சி மூணாவது. மின்ன எதிர்க்கட்சில இருக்கசொல்ல உன்னியத்தான் மைக்குல கியிப்பான். தப்பா நெனச்சிக்காத, பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு, கைத்தட்டுனாங்க.

இப்ப விசயத்துக்கு வரேன்.

ஒண்ணர வருசத்துக்கு மின்ன, ரோட்டோரம் கீற மீன் கடையெல்லாம் எடுக்கணும்னு கார்ப்பரேசன்ல நோட்டீசு ஒட்னாங்க. காலைல கார்ல வந்து நடக்குறாங்களே, அவங்களுக்கு நாத்தமாம். நடந்து முடிச்சிட்டு எங்களாண்டதான் எறாலு வாங்கினு போவாங்க, அது வேற. நாங்க முப்பத்திரண்டு பொம்பளைங்க. இன்னா பண்றதுன்னு முயிச்சிக்கினு கீறோம், விக்கி மீன் பொட்டி மேல ஏறி நின்னான். அஞ்சாதீர்கள், ஐகோர்ட்டு இருக்கிறதுன்னான். அம்மா, உனுக்கு லோக்கஸ் ஸ்டாண்டி கீதுன்னான். எனுக்கு பலகையும் தராசும்தாண்டா கீது, ஸ்டாண்டெல்லாம் ஆட்டோக்காரங்களுதுன்னேன். அப்பால வெளக்கிச் சொன்னான். பாதிக்கப்பட்டவங்கதான் கேஸ் போட முடியுமாம். நான் மொத மனுதாரர்.

அபிராமபுரத்துல விஜயராகவன்னு ஒரு வக்கீலு. விக்கி அவராண்டதான் சாயங்காலத்துல போயி வேல கத்துக்கினு இருந்தான். அவுரு நல்ல மனுசன். வாசல்ல செருப்ப வுட்டு ஓரமா நின்னேன். நீங்கதானே முதல் மனுதாரர், உள்ள வந்து உக்காருங்கோன்னாரு. காபி குட்த்தாரு. எங்கள்து எல்லாத்தியும் கேட்டு எயுதிக்கினு, ஐகோர்ட்டுல நின்னு பேசி, கடைங்களத் தொடக் கூடாதுன்னு தடை வாங்கிக் குட்த்தாரு.

அன்னிக்கு நானும் ஐகோர்ட்டுக்குப் போனேன் நைனா. ஒரு காகிதத்தக் காட்டி, பாருங்கோ, உங்க பேருலதான் வழக்கு, தேவானை மற்றும் முப்பத்தோரு பேர்னு போட்டிருக்குன்னாரு. ஆஸ்பத்திரி சீட்டுல நான் வடிவேலு சம்சாரம். குப்பத்துல விக்கி அம்மா. மீன் வாங்க வரவங்களுக்கு ஏம்மா. ஐகோர்ட்டுலதான் நைனா நான் தேவானை. அன்னிக்கு பஸ்ல வரசொல்ல அந்தப் பேர மனசுக்குள்ளயே நாலு தபா சொல்லிக்கினேன், பைத்தியம் மாதிரி.

அப்பால குப்பம் பூரா போஸ்டரு. கடலோரத்தின் காவலனே வருக வருகன்னு. யாரு படம்? அவன் படந்தான். எங்க வருகன்னு எனுக்குப் புரியல, வூட்லதான் கீறான்.

அந்த போஸ்டரப் பாத்துட்டுத்தான நீ ஆளு அனுப்சி அவனக் கூப்ட்டே? எனுக்குத் தெரியும். நீ கூப்ட்டதா அவனேதான் குப்பம் பூரா சொல்லிக்கினு திரிஞ்சான். நீ இன்னா பேசினேன்றத மட்டும் சொல்லல.

ரெண்டு வாரம் கய்ச்சி ஒரு காகிதம் எடுத்தாந்தான். மீனவப் பெண்களுக்கு காப்பீடும்மா, எல்லாரும் கையெயுத்து போடுங்கன்னான். இங்கிலீசுல இருந்துச்சு. நான் பேனாவ வாங்கிப் போட்டேன். நான் போட்டதப் பாத்துட்டுத்தான் மத்த முப்பத்தோரு பேரும் போட்டாளுங்க. ஜைதூன் பீ மட்டும் கேட்டுச்சு, இதுல இன்னா எயுதிக்கீதுன்னு. நான்தான் சொன்னேன், என் புள்ள எயுதுனது, போடுன்னு.

ஒரு செவ்வாக்கெயம, மீனு வந்து எறங்குற நேரம், லாரி வந்துச்சு. நான் போயி குறுக்க நின்னேன். எங்களுக்கு ஐகோர்ட்டு தடை கீதுன்னேன். அந்த ஆபீசரு பையன் மாதிரிதான் இருந்தான். திட்டல, ஒண்ணும் பண்ணல. ஃபைலத் தொறந்து காட்னான். கேஸ நீங்களே வாபஸ் வாங்கிட்டீங்கம்மா, இது உங்க கையெயுத்துதானேன்னான். ஆமா, என்துதான். தே கொஞ்சம் பெருசா இருக்கும், னை கோணிக்கினு போவும். அஞ்சாவதோட வுட்டவ கையெயுத்து, வேற எவளுக்கு வரும் அப்டி?

திரும்பிப் பாத்தா முப்பத்தோரு பொம்பளைங்க என்னியப் பாத்துக்கினு நிக்கிறாளுங்க. லாரியில பலகைங்க ஏறுற சத்தம்தான்.

விக்கிக்கு போன் போட்டேன். எடுக்கல. சாயங்காலம் வந்தான், கய்த்துல மாலையோட. பதவி குட்த்துட்டாங்கம்மான்றான். அடப்பாவி, எங்க கட எங்கடான்னேன். அது ஒரு யுக்திம்மா, உள்ள போயிட்டு உள்ளேர்ந்து போராடலாம்ன்றான். அந்த மாலையோட அப்டியே சாஞ்சி உக்காந்து, சோறு கேட்டான். போட்டேன் நைனா. பெத்துட்டேனே.

வேர்க்குதா நைனா? ஃபேன வேகமா வெக்கச் சொல்லு. நான் ஒண்ணும் கத்த வரல. எங்க கடைங்கள எடுத்துட்டு அங்க வர புது மார்க்கெட்டுக் கட்டடத்த யாரு மச்சான் கட்றாருன்னு குப்பத்துல கொயந்தைங்களுக்குக் கூடத் தெரியும். நீ கேட்ட, அவன் குட்த்தான். வக்கீலு படிப்புல மொத ஆளா வருவான் பாரு, பெத்தவளயே ஏமாத்தி கையெயுத்து வாங்குனவன்.

அப்பால பத்து மாசம். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால எடம் குட்த்தாங்க, ஒரு ஈ வரல. கூடையத் தலைல வச்சிக்கினு அபிராமபுரத்துத் தெருவெல்லாம் சுத்துனேன். அப்பார்ட்மெண்டு வாசல்ல வாட்ச்மேனு உள்ள வுட மாட்டான், அங்கியே நின்னு கத்துவேன். குப்பத்துல எவளும் என்னாண்ட பேசல. புள்ளைக்குப் பதவி வாங்க எங்கள வித்துட்டாளேன்னு கொயாயடில எனுக்குக் கேக்குற மாதிரியே பேசுவாளுங்க. ஜைதூன் பீ மட்டும் தெனம் வந்து பக்கத்துல உக்காரும். ஒண்ணும் சொல்லாது. அது ஒண்ணும் சொல்லாததுதான் நைனா எனுக்குத் தாங்கல.

இப்ப எலெக்சன் வந்துச்சு. எங்க வார்டு பொம்பளைங்களுக்குன்னு அறிவிச்சாங்க. அன்னிக்கு வூட்ல எயவு வுயுந்த மாதிரி. விக்கி செவுத்துக் காகிதத்தப் பாத்துக்கினே அயுதான். நெசமா அயுதான், ஒரு நாளு பூரா துன்னல. உண்ணாவிரதம்னா அதுதான் உண்ணாவிரதம். மறுநா காலைல எய்ந்து வந்து என் கையப் புடிச்சிக்கினான். அம்மா, நீ கீறியேன்னான். பத்து மாசத்துல அன்னிக்குத்தான் என் மூஞ்சிய நேராப் பாத்தான்.

நின்னு கெலிச்சிட்டு நீ எப்பவும் போல இரும்மா, மீட்டிங்குக்கு நான் வரேன், ஆபீசருங்களாண்ட நான் பேசுறேன், நீ கையெயுத்து மட்டும் போடுன்னான். பேனரு கூட அடிச்சிட்டான். ஆளு ஒசரத்துக்கு அவன், அவன் காலாண்ட தபால் தல சைசுல நான்.

கையெயுத்து மட்டும் போடுன்னதக் கேட்டதும் எனுக்கு சிரிப்புதான் வந்துச்சு நைனா. சரிடா கண்ணு, அம்மா பாத்துக்குறேன்னேன். இந்தப் பொடவ கூட அவன் எடுத்துக் குட்த்ததுதான்.

அன்னிக்கு சாயங்காலமே அந்த முப்பத்தோரு பேரு வூட்டுக்கும் ஒண்டியாப் போனேன். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு நடந்ததச் சொன்னேன். சில பேரு கதவ சாத்துனாளுங்க. ஒருத்தி மூஞ்சில தண்ணிய வூத்துனா. நின்னேன். கடேசில எல்லாத்தியும் ஜைதூன் பீதான் இட்டாந்து ஒரு எடத்துல உக்கார வச்சுது. அப்பால எல்லாம் சேந்து விஜயராகவன் வக்கீலாண்ட போனோம். உங்க கையெழுத்தப் பாத்ததும் உங்க இஷ்டம்னு நினைச்சுட்டேன், ஒரு வார்த்தை உங்களக் கேட்டிருக்கணும்னாரு. திரும்பவும் மனு போடலாம், இந்தத் தடவ ஒரு வரி விடாம நானே தமிழ்ல படிச்சுக் காட்டறேன், அப்பறமா கையெழுத்துப் போடுங்கோன்னாரு. ரெண்டு மனுவும் படிச்சுக் காட்னாரு, ஒண்ணர மணி நேரம்.

ஏன் ரெண்டுன்றியா? ஒண்ணு கோர்ட்டுக்கு. இன்னொண்ணு நேத்து காலைல மண்டல ஆபீசுல குட்த்துட்டேன். கவுன்சிலருக்கு. சுயேச்சையா. ஜைதூன் பீதான் முன்மொயிஞ்சிது. ரசீதெல்லாம் பத்திரமா கீது.

அதான் நைனா, உங்க சீட்டு எனுக்கு வேணாம். வேற நல்ல பொம்பளையா பாத்துக் குடு. எய்ந்துக்காத, நானே கதவச் சாத்திக்கினு போறேன். விக்கியாண்ட இன்னும் சொல்லல. நான் சொன்னா அயுவான், நீ சொன்னா சரிங்க மாவட்டம்பான். நீயே சொல்லிடு. மனு குடுக்க நாளைக்கு மூணு மணி வரிக்கும் டைம் கீதாம். அதுக்குள்ள எவளையாச்சும் அவசரமா தாலி கட்டி இட்டாந்து நிறுத்திடப் போறான், அத்த மட்டும் பாத்துக்கோ. பாவம், அந்தப் பொண்ணு இப்ப எங்க உக்காந்து இன்னா படிச்சிக்கினு கீதோ.