ஒரே மூச்சில் ஒரு திட்டு

கைக்குழந்தையான என் மகனுக்கு இரண்டு நாளாக இருமல். பெரம்பலூரில் டாக்டரிடம் காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகும், இன்னொருவரிடமும் காட்டியிருக்கலாமோ என்று யோசித்தபடி அவனை மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு நர்ஸ் தன் தோழியிடம் சொன்னார்:

"அந்தாளு நேத்து என்னைச் சரியாத் திட்டலடி. அதான் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட ஓடினேன்."

"திட்டு கொறஞ்சா நிம்மதின்னு இருப்பியா, அத விட்டுட்டு!"

"வீசிங்னு படுத்திருக்காருடி, தா.பழூர்க்காரரு. ஊசி போடப் போனா எங்க பாட்டன் வரைக்கும் ஒரே மூச்சுல இழுப்பாரு. நேத்து 'ஏம்மா'ன்னாரு, மூச்சு வாங்குது. 'ஊசி'ன்னாரு, மறுபடி வாங்குது. அவரு சம்சாரம் என்னடான்னா, 'இன்னிக்குத்தாங்க சாந்தமா இருக்காரு'ன்னு சந்தோஷப்படுது!"

"அடக் கடவுளே! அப்புறம்?"

"டாக்டர் ஓடியாந்து ஆக்சிஜன் வெச்சு, மருந்த மாத்தினாரு. கொஞ்சம் விட்டிருந்தா கை மீறிப் போயிருக்கும்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"இன்னிக்கு டூட்டி முடிஞ்சு கெளம்புறேன், 'ஊசியக் குத்திப்புட்டு ஊர் சுத்தக் கெளம்பிட்டியா, வெறுங் கஞ்சியா ஊத்திக் கொல்றீங்களே, நீங்கள்லாம் உருப்படுவீங்களா'ன்னு ஒரே மூச்சுல முடிச்சாரு பாரு, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சுடி!"

அந்த நேரம் பார்த்து என் மகன் வீறிட்டான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மற்ற நாளாக இருந்தால் கூசிப்போயிருப்பேன். அன்று, எங்கே மூச்சு வாங்குகிறான் என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். அழுகை நிற்காமல் நீண்டுகொண்டே போனது. இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.