எல்லார் சீட்டிலும் இரண்டு

பெயர்: உம்மல் குல்சும், வயது 44, க/பெ அப்துல் முத்தலிப். தொழில்: விசேஷங்களுக்குப் பாத்திரம், நாற்காலி, சாமியானா வாடகைக்கு விடுதல். முகவரி: பள்ளத்து வீதி, மணியகாரர் காலனி, கோயமுத்தூர். 1996ஆம் வருடம் செப்டம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை காலை, காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் முன்பாகக் கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் கணவருடன் வசித்து வருகிறேன். கீழே கடை, மேலே வீடு. எங்கள் வீதிக்குப் பள்ளத்து வீதி என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். காலனியின் மேட்டு வீதிகளில் குளிப்பது, துவைப்பது, சாயம் அலசுவது எல்லாம் எங்கள் வாசலுக்குத்தான் வந்து சேரும். மழை பெய்தால் சாக்கடை கடைக்குள் ஏறும். மாநகராட்சிக்குப் பல வருடமாக மனு கொடுத்தும், தேர்தலே நடக்காமல் கவுன்சிலர் யாரும் இல்லாததால் அதிகாரிகள் மாறினார்களே தவிரச் சாக்கடை மாறவில்லை. போன ஐப்பசியில் என் மகள் சமீராவின் நிச்சயத்துக்குப் பல்லடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும்போது மழை பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு விரிப்பின் அடியில் சாக்கடைத் தண்ணீர் வந்துவிட்டது. நிச்சயம் நடந்தது, நிக்காஹும் நடந்தது. ஆனால் சம்பந்தியம்மா அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. நான் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டது இதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

இந்த வருடம் மாநகராட்சித் தேர்தல் அறிவித்து, எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதன் பிறகு காலனி குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். காலனியிலிருந்து ஒரே பெண்மணியைப் பொது வேட்பாளராக நிறுத்தினால் ஓட்டு சிதறாமல் வெற்றி நிச்சயம் என்று பேசினார்கள். நாலு பேர் நிற்பதாகச் சொன்னோம். இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருக்கும் சுந்தரராஜுலு அவர்களின் மனைவி ரங்கநாயகியம்மாள், நூல் வியாபாரி வீட்டுச் சௌடாம்பிகா, எருமை வைத்துக் காலனி முழுக்கப் பால் ஊற்றும் கருப்பாத்தாள் அக்கா, நாலாவது நான்.

நாலு பேரில் ஒருவரை எப்படி எடுப்பது என்றபோது, சங்கச் செயலாளரும் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவருமான வரதராஜுலு அவர்கள் ஒரு முறை சொன்னார். வெளிநாடுகளில் சில நகரசபைகளுக்கே இப்படித்தான் தேர்தல் என்றும் சொன்னார். வீட்டுக்கு ஒரு சீட்டு. நாலு பெயருக்கும் எதிரே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விருப்பப்படி எண் எழுத வேண்டும். ஒன்றாம் எண் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், குறைவாக வாங்கியவரை நீக்கிவிட்டு, அவர் சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கு இருக்கிறதோ அவருக்குச் சேர்க்க வேண்டும். புரியவில்லை என்று சிலர் சொன்னதும், "ஓட்டல்ல இட்லி கேக்கறீங்க, இட்லி தீந்துபோச்சு. தோசை வைக்கறானல்லோ, அதேதானுங்க. உங்க ரெண்டாவது ஓட்டு வீணாப் போகாது" என்றார். எல்லோரும் கை தட்டினோம். தோசையை முதலிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. முடிவு எப்படி வந்தாலும் ஏற்றுக்கொள்வதாகவும், தனியாக நிற்க மாட்டோம் என்றும் நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதை நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு நான் வீடு வீடாகப் போனேன். காலனியில் பாதிக் குடும்பம் சுந்தரராஜுலு அவர்களின் பவுண்டரியில் வேலை பார்க்கிறது. நூல்காரர் வீட்டில் பலருக்குக் கொடுக்கல் வாங்கல். கருப்பாத்தாள் அக்காவைப் பகைத்துக்கொண்டால் காலையில் காபி கிடையாது. இவர்களையெல்லாம் விட்டுவிட்டு எனக்கு ஒன்று போடுங்கள் என்று கேட்டு, ஒருவரைச் சங்கடத்தில் மாட்டிவிட எனக்கு வாய் வரவில்லை. அதனால், ஒன்று யாருக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு மட்டும் எனக்குப் போடுங்கள் என்று நானேதான் கேட்டேன். எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. இவ்வளவுதானா என்று காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் வெற்றிலைப் பாக்கு வைத்து அனுப்பினார்கள். மேட்டு வீதியில் ஒரு பெரியவர், ஒன்றாம் எண் கடமைக்கு, இரண்டாம் எண்தான் மனசுக்கு என்று சொன்னார். அதைக் கேட்டு நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலனி நர்சரிப் பள்ளியில் ஓட்டெடுப்பு நடந்தது. நாற்காலி, மேசை, சாமியானா, மைக் எல்லாம் என் கடையிலிருந்து போனவை. காலனி விஷயம் என்பதால் வாடகை பேசவில்லை. ஆசாரி ஓட்டுப்பெட்டி செய்து முடிக்கவில்லை என்று செயலாளர் ஆள் அனுப்பியதால், பிரியாணி செய்ய வாடகைக்கு விடும் மூடி போட்ட பெரிய தேக்சா ஒன்றைக் கழுவித் துடைத்து அனுப்பினேன். மூடியைக் கயிற்றால் கட்டி அரக்கு வைத்து, இடுக்கு வழியாகச் சீட்டுப் போட்டார்கள். மொத்தம் எண்பத்து நான்கு வீடுகள் ஓட்டுப் போட்டன.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணினார்கள். ஒன்றாம் எண்ணில் ரங்கநாயகியம்மாளுக்கு முப்பத்தொன்று, சௌடாம்பிகாவுக்கு இருபத்தேழு, கருப்பாத்தாள் அக்காவுக்குப் பத்தொன்பது, எனக்கு ஏழு. பள்ளத்து வீதியில் மட்டும் பதினொரு வீடு இருக்கிறது. யாருக்கும் பாதி வராததால் முதலில் என்னை நீக்கினார்கள். எனக்கு வருத்தம்தான். என் ஏழு சீட்டையும் மற்றவர்களுக்குப் பிரித்துச் சேர்த்தார்கள். அதன் பிறகும் பாதி வராததால் கருப்பாத்தாள் அக்காவை நீக்கி, அவருடைய சீட்டுக் கட்டைப் பிரித்தார்கள்.

செயலாளர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து மைக்கில் படித்தார். முதல் சீட்டில் ஒன்று கருப்பாத்தாள், இரண்டு உம்மல் குல்சும். அவங்கதான் போயாச்சே, மூணாவதைப் பாருங்க என்று அவரே சொல்லி, மூன்றாவதைக் குறித்துக்கொண்டார். அடுத்த சீட்டிலும் இரண்டு உம்மல் குல்சும். அவங்க போயாச்சு, மூணாவது. அடுத்ததும் அதேதான். அவருக்கு ஒன்று போட்டிருந்த பத்தொன்பது சீட்டில் பதினேழில் என் பெயர்தான் இரண்டாவதாக இருந்தது. என் மைக்கில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் பெயரைச் சொல்லிச் சொல்லித் தள்ளிவைத்தார். உட்கார்ந்திருந்த சனமும் போகப் போகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. இலை போட்டு உட்காரவைத்துப் பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டு நமக்கு மட்டும் சோறில்லை என்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

நான் எழுந்து போய், "ஏனுங் சார், ரெண்டாவது வீணாப் போகாதுன்னு சொன்னீங்களே" என்று கேட்டேன். அவர், "மொத ரவுண்டுலயே நீங்க போயிட்டீங்களே அம்மணி. ரூல்ஸ் அப்படிங்க" என்றார். ரங்கநாயகியம்மாளையும் என்னையும் மட்டும் நிறுத்தியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று கேட்டேன். அவர் மற்ற கட்டுகளையும் புரட்டிப் பார்த்தார். படித்தவர், பொய் சொல்லத் தெரியாதவர். நீங்கதானுங்க என்றார். சௌடாம்பிகாவோடு நிறுத்தியிருந்தால் என்று கேட்டேன். அதுக்கும் நீங்கதானுங்க என்றார். அப்புறம் எதற்காக முதல் ஆளாக வெளியே போனேன் என்று கேட்டதற்கு, அதான் இந்த முறையில ஒரு சிக்கலுங்க என்று மைக்கை அணைக்காமலே சொன்னார். அதன் பிறகு மீதியைப் படித்து, ரங்கநாயகியம்மாள் ஜெயித்ததாக அறிவித்தார்.

அதன் பிறகு நான் என் சாமான்களை எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்திருந்தவர்களை எழுந்திருக்கச் சொல்லி நாற்காலிகளை மடக்கினேன். சாமியானாவை அவிழ்த்தேன். எண்ணி முடித்த சீட்டுகளைக் கட்டுக் கட்டாகத் தேக்சாவுக்குள்தான் வைத்திருந்தார்கள். தேக்சா என்னுடையது, அதனால் மூடியைப் போட்டு வண்டியில் ஏற்றினேன். நான் செயலாளரைப் பிடித்துத் தள்ளியதாகச் சங்கத்தார் கொடுத்த புகாரில் எழுதியிருப்பது உண்மையல்ல. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கேட்டேன். அவர் மரியாதையாக எழுந்து நின்றார். எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு பழக்கத்தில் அவர் மறுபடியும் உட்காரப் போனபோது அங்கே நாற்காலி இல்லை. வயதானவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மட்டும் வருந்துகிறேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் திங்கட்கிழமை மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் வேட்புமனுப் படிவம் வாங்கினேன். சங்கத்தில் கையெழுத்துப் போட்டது போட்டதுதான். ஆனால் இரண்டாவது ஓட்டு வீணாகாது என்று சொல்லித்தான் அந்தக் கையெழுத்தை வாங்கினார்கள். அது வீணாகிவிட்ட பிறகு என் கையெழுத்து மட்டும் எப்படிச் செல்லும் என்பது என் கேள்வி. மனுவில் வார்டுக்காரர் ஒருவர் என்னை முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போட்டால் போதும். எனக்கு இரண்டு போட்டதாகச் சொன்ன வீடுகளுக்குத்தான் போனேன். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. "வேற யாராச்சும் மொதல்ல போடட்டுமுங்க. நான் ரெண்டாவதா போட்டுத் தாரேன்" என்றார்கள். போன வீட்டிலெல்லாம் இதே பதில். அந்தப் படிவத்தில் இரண்டாவது கையெழுத்துக்கு இடமே இல்லை என்று விளக்கிச் சொன்னால், அச்சச்சோ என்று பரிதாபப்பட்டு மோர் கொடுத்தார்கள். நான் வீட்டுக்கு வந்து படிவத்தைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

இன்று காலை காவலர் வந்து அழைத்ததன் பேரில் தேக்சாவுடன் நிலையத்துக்கு வந்தேன். செயலாளரும், சங்கத்தின் சார்பில் கருப்பாத்தாள் அக்காவும் வந்திருந்தார்கள். சீட்டுகளைக் கொடுத்துவிட்டால் புகாரை வாபஸ் வாங்குவதாகச் செயலாளர் சொன்னார். கொடுக்கிறேன், ஆனால் என் முன்னால் ஒரு தடவை எண்ணிவிட்டுத்தான் கொடுப்பேன் என்றேன். உதவி ஆய்வாளர் சம்மதித்து, ஏட்டையாவை விட்டு எண்ணச் சொன்னார். எண்பத்து நான்கு சீட்டில் எனக்கு ஒன்று போட்டது ஏழு, இரண்டு போட்டது எழுபத்தொன்று. இந்த எண்ணிக்கையை எழுதிக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதப்படுகிறது.

எண்ணி முடித்ததும் உதவி ஆய்வாளர், இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே, யாரும் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லையே அம்மா என்று ஆறுதலாகக் கேட்டார். நான், "வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லலீங்க. அந்த ஏழு ஊட்டத் தவிர வேணும்னும் ஒருத்தரும் சொல்லலீங்க" என்றேன். இதில் உங்கள் வீட்டுச் சீட்டு எது என்று கேட்டார். ஊதா மையில் எழுதியிருந்த சீட்டைக் காட்டினேன். கடையில் பில் எழுதும் பேனாவின் மை அது. அதில் ஒன்று கருப்பாத்தாள், இரண்டு உம்மல் குல்சும் என்று இருந்தது. ஓட்டுக்கு முந்தின நாள் அக்கா என் வீட்டுக்கு அவ்வளவு தூரம் படியேறி வந்து, தனக்கு ஒன்று போடச் சொல்லிக் கேட்டார். வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்ல என்னாலும் முடியவில்லை. தன் பெயருக்குத் தானே ஒன்று போட்டுக்கொள்வதும் கூச்சமாக இருந்தது. ஊரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று ஏட்டையா நினைத்திருக்கலாம்.

கருப்பாத்தாள் அக்கா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். அதன் பிறகு, "எனக்கா கண்ணு போட்ட" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையிலிருந்து படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து, "அக்கா, நீங்க மொதக் கையெழுத்துப் போடுங்க. ரெண்டாவது ஆள் யாரும் இல்லீங்க. நீங்க மட்டுந்தான்" என்றேன். இப்படி ஒருவரிடம் நேராகக் கேட்பது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. அக்கா செயலாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊட்டுல கேட்டுப்போட்டுச் சொல்றேன் கண்ணு என்று சொல்லிவிட்டு, எருமைக்குத் தண்ணி வைக்க நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

வேட்புமனு நாளை மாலையோடு முடிகிறது. ஓட்டுச் சீட்டுகள் எண்பத்து நான்கையும் ஒப்படைத்துவிட்டேன். தேக்சா என்னுடையது, அதை எடுத்துப் போகிறேன். இனி காலனியில் யார் வீட்டுக்குப் போனாலும் இரண்டு கேட்க மாட்டேன். நாளை விடிந்ததும் கருப்பாத்தாள் அக்கா பால் கறக்க வரும்போது அவர் தொழுவத்து வாசலில் படிவத்தோடு நிற்பேன். ஒன்று கொடுங்கள், இல்லாவிட்டால் முடியாது என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள் என்று கேட்பேன். இரண்டில் எதைச் சொன்னாலும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன். இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது என்பதால் எழுதச் சொல்கிறேன்.

நான் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. யாருடைய கட்டாயமும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) உம்மல் குல்சும்