வெள்ளியாற்றின் கடைசித் திரை

நிவேதிதா, டன்லப் தெரு ரிப்பேர்க் கடையில் சாகுல் ஹமீது பாய் கலக்கும் தேத்தண்ணியில் சீனி எப்போதும் ஒரு கரண்டி தூக்கலாகத்தான் இருக்கும். அன்றைக்கும் முகம் சுளிக்காமல் குடித்தேன். நான் அவ்வளவு மோசமான ஆளில்லை.

உங்கள் நூலகத்திலேயே பலமுறை பேசியிருக்கிறேன். எண்பதுகளில் கொரிய இளைஞர்கள் வீட்டுக் கணினியில் எழுதிய வீடியோ கேம்கள்தான் என் துறை. அதிலும் ‘வெள்ளியாறு’. பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றார்கள். ஆகவே அதன் முடிவை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வீரன் பனியில் தனியே நடந்து மறைவான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பனி நானாகச் சேர்த்தது. பாயசத்துக்கு முந்திரி போடுவதில்லையா, அந்த மாதிரி. வீரனும் முந்திரிதான்.

பாய் பழைய கணினி ரிப்பேர்க்காரர். ஆள் திரும்ப வராவிட்டாலும் பொருளை வீசமாட்டார். அந்தக் காலத்தில் இங்கே கட்டட வேலைக்கு வந்த ஒரு கொரிய இன்ஜினியர் விட்டுப்போன பெட்டிக்குள் வெள்ளியாறு வட்டு ஒன்று கிடந்தது.

அந்த விளையாட்டை எழுதிய யூனுக்குக் கொரியாவுக்குத் தகவல் போனது. மனைவி இறந்த பிறகு மனிதருக்கு ஞாபகம் நழுவுகிறது. முழுதும் போவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று விமானம் ஏறினார். வட்டு ஓடுகிறதா என்று சோதிக்க நீங்கள்தான் என்னை அனுப்பினீர்கள்.

“பாத்து லா, சார். காப்பி எடுக்க விடமாட்டேங்குது. உலகத்துலயே இது ஒண்ணுதானாம்” என்றார் பாய்.

“என்கிட்டயா சொல்றீங்க, பாய்?”

அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனார். நான் கடைசிவரை விளையாடினேன். பனி இல்லை. ஆற்றங்கரையில் ஒரு பெண் கையசைத்தாள். கீழே யூனுக்கு அவர் மனைவி எழுதிய ஒரு வரி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் முடிவு இன்னும் நன்றாக இருக்கும். அந்த முடிவோடு என் புத்தகமும் அச்சுக்குப் போயிருந்தது.

அந்த வட்டின் ஓரத்தில் சின்ன வெட்டு உண்டு. அதன்மேல் தாள் ஒட்டியிருந்தால் எதையும் அழிக்க முடியாது. உரித்தேன். அழித்தேன். பழைய தாளில் பசை போய்விட்டதால் பையில் இருந்த உங்கள் நூலக ஸ்டிக்கரைக் கிழித்து ஒட்டினேன். அங்கேதான் உங்களிடம் மாட்டிக்கொண்டேன்.

கடைக்கு வந்த யூன் வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கடைசியில் என் மனைவி ஏதோ எழுதியிருந்தாளே, என்ன அது?” என்று என்னிடம்தான் கேட்டார். பாவமாக இருந்தது. பனியைப் பற்றி விரிவாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பாய் அழுதுவிட்டார்.

இப்போது நீங்களும் அந்த வரியைக் கேட்கிறீர்கள். நாளைக் காலை யூனுக்கு விமானம், அதற்குள் சொல்லிவிடுங்கள் என்கிறீர்கள். எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகமிருக்கிறது. ஆனால் வட்டில் ஒன்றுமில்லையே, எதைக் காட்டிச் சொல்வது? நான் வரலாறு எழுதுகிறவன், நிவேதிதா. ஆதாரம் இல்லாத எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.