சரிவில் கையை விட்டது

என் பெயரும் முகவரியும் அடையாள அட்டையைப் பார்த்து மேலே எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. தையல் கூடத்தில் சட்டைக்குக் காலர் வைக்கும் வேலை. என் கணவர் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் உடம்பில் அசைவு போய், இடது கை மட்டும் ஓரளவு மீண்டது. அது முதல் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளி வந்தது நான்தான்.

சென்ற மாதம் மின்சார நாற்காலி வந்தது. அதில், இடது கையால் அசைத்து ஓட்டும் குச்சியைப் பொருத்த ஒரு பெண் மெக்கானிக் வந்தாள். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். அதன் பிறகு ஒயரைக் கைப்பிடிக்கு அடியில் கொண்டுபோய், மடக்கும்போது நசுங்காதபடி கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டினாள். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் வைத்தாள். தலையைச் சாய்த்தால் படும் இடத்தில், வண்டியை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை மாட்டினாள். அதன் பிறகு என் கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, எதில் எவ்வளவு பலம் என்று பார்த்தாள். அவருடைய சுண்டுவிரல் அசையும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் சிரித்தார். அவள் மறுபடி வருவதாகச் சொன்ன நாளில் சவரம் செய்துவிடச் சொன்னார். செய்துவிட்டேன்.

பின்பக்கம் இருந்த இரண்டு லீவர்களை அவள் எனக்குக் காட்டினாள். "அக்கா, இத மேல தூக்கினா மோட்டார் சக்கரத்த விட்டுடும், கையால தள்ளலாம். ஆனா பிரேக் சுத்தமா பிடிக்காது. சமதரையில மட்டும் தூக்குங்க" என்றாள்.

அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடுவது நின்றுபோனது. தானே ஜன்னலுக்குப் போனார், தானே வாசலுக்குப் போனார். சம்பவத்தன்று காலை அவருக்குத் தெரியாமல் லீவர்களைத் தூக்கிவிட்டு, பழையபடி நானே தள்ளிக்கொண்டு போனேன். வாசல் சரிவின் மேல்முனையில் அவர், "நீ எதுக்கு தள்ளிக்கிட்டு வர்ற? விடு, அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்திருக்கா, நானே இறங்கிக்கிறேன்" என்றார். "போங்க, அவளே வந்து பாத்துக்கட்டும்" என்று கையை விட்டேன். லீவர் ஞாபகம் வந்தபோது வண்டி பாதிச் சரிவில் இருந்தது. அவர் தலையால் பொத்தானை அழுத்தியும் நிற்கவில்லை. இரும்பு கேட்டில் மோதியதில் இடது மணிக்கட்டு உடைந்தது.

ஆட்கள் வருவதற்குள் லீவர்களைக் கீழே அழுத்திவிட்டேன். அதன் பிறகுதான், ஒயர் தப்பாக மாட்டியதால் வண்டி நிற்கவில்லை என்று கணவரின் அண்ணன் அவள் மீது புகார் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் கணவர், "அவ வேலையில தப்பு வராது" என்று கண்டிப்பாகச் சொன்னார். அதைக் கேட்டதும், உண்மையைச் சொல்லலாம் என்றிருந்த எண்ணமும் போய்விட்டது.

நேற்று அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "எந்த ஒயரத் தப்பா மாட்டுனேன்னு எனக்கே தெரியல அண்ணே. இனிமே யார் வண்டியையும் தொட மாட்டேன்" என்று அழுதாள். இவள் மாட்டினால்தான் நகர முடியும் என்று இன்னும் எத்தனை பேர் காத்திருப்பார்களோ என்று நினைத்தேன். அவள் போன பிறகு நடந்ததைக் கணவரிடம் சொன்னேன்.

அவர், "தெரியும். லீவர் தூக்கியிருந்தா குச்சிக்குப் பக்கத்துல லைட் மினுக்கும். இறங்கறப்பவே பாத்துட்டேன்" என்றார்.

"உங்க அண்ணன் புகார் குடுத்தப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"உன்ன எப்படிடீ காட்டிக் குடுப்பேன்?" என்றார்.

ஆகவே நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அந்தப் பெண் மீது எந்தக் குற்றமும் இல்லை. இதை அவள் மேல் பிரியப்பட்டுச் சொல்லவில்லை. கை எலும்பு கூடியதும் ஓட்டும் குச்சியை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும், அதை அவளே வந்து செய்யட்டும். அவள் செய்து முடிக்கும்வரை நான் அந்த அறையை விட்டு நகர மாட்டேன்.

யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ இதைச் சொல்லவில்லை. எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நடந்தது இதுதான் என்று ஒப்புக்கொண்டு, கீழே கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)